ஹிப் இம்பின்ஜ்மென்ட்: எக்ஸ்ரே படம் சொல்வதும் சொல்லாததும்

இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே படம் ஒன்றை மூன்று பேரிடம் காட்டினால் மூன்று பதில் கிடைப்பது அபூர்வமல்ல. எக்ஸ்ரே எடுத்த மையத்தின் அறிக்கை, 'எலும்பில் குறை எதுவும் இல்லை' என்கிறது. எலும்பு அறுவை நிபுணர் அதே படத்தில் ஓர் எலும்புப் புடைப்பின் மேல் விரலை வைத்து, 'இதோ, கேம் இருக்கிறது' என்கிறார். விளையாட்டு மருத்துவரோ, 'இருக்கட்டும், வலி அதனால்தானா என்று முதலில் பார்ப்போம்' என்கிறார். யாரை நம்புவது என்று நோயாளி தவிக்கிறார். ஆனால் மூவரும் சொல்வது அவரவர் அளவில் சரியாகவே இருக்கக்கூடும். அது எப்படி என்பதை அறிய, எக்ஸ்ரே இந்த நோயில் எதைக் காட்டுகிறது, எதைக் காட்ட இயலாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஹிப் இம்பின்ஜ்மென்ட் என்பது தொடை எலும்பின் மேல்முனையும், அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தின் விளிம்பும் அசைவின்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. மருத்துவச் சீட்டில் 'எஃப்ஏஐ' என்று மூன்றெழுத்தில் இருக்கும். முட்டுவது அசைவில் நடக்கிறது. எக்ஸ்ரேயோ அசையாமல் படுத்திருக்கும்போது எடுக்கப்படுகிறது. எனவே படத்தில் தெரிவது முட்டுதல் அல்ல, முட்டக்கூடிய வடிவம். பெரும்பாலான குழப்பங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்தான் தொடங்குகின்றன.

எது எதில் முட்டுகிறது?

இடுப்பு மூட்டு ஒரு பந்து கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். தலைக்குக் கீழே எலும்பு சட்டென்று குறுகிக் கழுத்தாகிறது. அந்தக் குறுகலுக்கு வேலை இருக்கிறது: தொடையை வயிற்றை நோக்கி மடக்கும்போது கிண்ணத்தின் விளிம்பு வந்து அமர அங்கே இடம் வேண்டும். விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற மென்மையான குருத்து வளையம் இருக்கிறது. கிண்ணத்தின் உட்புறத்தையும் தலையையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது.

இடம் பற்றாமல் போவது இரண்டு விதங்களில் நிகழ்கிறது.

1. கேம் வகை. தலையும் கழுத்தும் சேருமிடத்தில் கூடுதல் எலும்பு புடைத்திருக்கும். பந்து முழு உருண்டையாக இருக்காது. தொடையை மடக்கி உட்புறம் திருப்பும்போது அந்தப் புடைப்பு கிண்ணத்துக்குள் திணிந்து, குருத்தெலும்பை ஓரத்திலிருந்து பெயர்க்கிறது.

2. பின்சர் வகை. இங்கே குறை கிண்ணத்தின் பக்கம். விளிம்பு நீண்டிருக்கலாம், கிண்ணம் அதிக ஆழமாக இருக்கலாம், அல்லது அதன் வாய் பின்னோக்கித் திரும்பியிருக்கலாம். கழுத்து வந்து விளிம்பில் இடிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட லேப்ரம் நசுங்குகிறது.

இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்திருப்பதும் சாதாரணம். வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். குந்தி உட்காரும்போதும், தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போதும், காரில் நெடுநேரம் அமர்ந்த பிறகும் கூடும். தரையில் அமர்ந்து உண்பதும் குந்தி மலம் கழிப்பதும் பழக்கமாக உள்ளவர்களுக்கு மூட்டு ஒவ்வொரு நாளும் முழு மடக்கு வரை போகிறது. அவர்களிடம் இந்தக் குறை சீக்கிரமே உணரப்படும். ஒரு நடைமுறைச் செய்தியையும் இங்கேயே சொல்லிவிடலாம். மருத்துவரிடம் 'இடுப்பு வலி' என்று மட்டும் சொன்னால் முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு எக்ஸ்ரே எழுதப்படக்கூடும். வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவது நல்லது.

பழைய வடிவம், புதிய விளக்கம்

வடிவக் கோளாறு என்ற கருத்து புதியதல்ல. பாஸ்டனில் பணியாற்றிய ஸ்மித்-பீட்டர்சன், கிண்ணத்தின் விளிம்பைச் செதுக்கி வலியைக் குறைக்கலாம் என்று 1936-லேயே எழுதினார். 1975-இல் ஸ்டல்பர்க், எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் மேல்முனை கைத்துப்பாக்கியின் பிடியைப் போலத் தோன்றும் உருவத்தை மூட்டுத் தேய்மானத்தோடு தொடர்புபடுத்தினார். அறிக்கைகளில் இன்றும் வரும் 'பிஸ்டல் கிரிப்' என்ற சொல் அங்கிருந்து வந்தது.

திருப்புமுனை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஏற்பட்டது. ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும் தொடை எலும்பின் தலையை, அதற்கான இரத்த ஓட்டம் கெடாமல், கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கும் அறுவை முறையை வகுத்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட அறுவைகளின் அனுபவத்தை வைத்து 2003-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, எக்ஸ்ரேயில் புடைப்பு தெரிந்த இடத்துக்கு நேர் எதிரே குருத்தெலும்பு சிதைந்திருப்பதை விவரித்தது. காரணம் தெரியாத தேய்மானம் என்று ஒதுக்கப்பட்ட பலவற்றுக்குக் காரணம் இதுதான் என்பது அவர்கள் வாதம். அதன் பிறகு உலகெங்கும் கதிரியக்க நிபுணர்கள் பழைய படங்களையே புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். 'குறை இல்லை' என்று எழுதும் அறிக்கைகளில் ஒரு பகுதி அந்தப் பழைய கண்ணின் மிச்சம். எலும்பு முறிவோ தேய்மானமோ இருக்கிறதா என்பதே அன்றைய கேள்வி. அந்தக் கேள்விக்கு அந்த அறிக்கை தரும் பதிலும் சரியானதே.

எந்தெந்தப் படங்கள் தேவை?

ஒரு படம் போதாது. கேம் புடைப்பு பொதுவாகக் கழுத்தின் முன்புறமும் மேற்புறமும் சேரும் மூலையில் இருக்கிறது. நேர்முகமாக எடுத்த படத்தில் கழுத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும்தான் விளிம்பாகத் தெரியும். முன்புறப் புடைப்பு எலும்பின் நிழலுக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே குறைந்தது இரண்டு படங்கள்:

1. முழு இடுப்பெலும்பின் நேர்முகப் படம். இரண்டு மூட்டுகளும் ஒரே படத்தில் வர வேண்டும். கால்கள் சுமார் 15 டிகிரி உட்புறம் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்து குட்டையாகத் தெரியும். கிண்ணத்தைப் பற்றிய அளவுகள் எல்லாம் இந்தப் படத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன.

2. கழுத்தின் பக்கவாட்டுப் படம். இதில் பல முறைகள் உண்டு. 'டன்' நிலை என்பதில் நோயாளி மல்லாந்து படுத்து, தொடையை 45 டிகிரி மடக்கி, 20 டிகிரி வெளிப்புறம் விலக்கி வைக்கிறார். கேம் புடைப்பைப் பிடிப்பதில் இது தேர்ந்தது. 'தவளைக்கால்' நிலையில் முழங்காலை மடக்கி வெளிப்புறம் சாய்க்கிறார்கள். எடுப்பது எளிது என்பதால் பரவலாக இருக்கிறது. மேசைக்குக் குறுக்காகக் கதிரைச் செலுத்தி எடுக்கும் முறையும் உண்டு.

மூன்றாவதாக, கிண்ணம் தலையை முன்புறம் எவ்வளவு மூடுகிறது என்று அறிய, நின்றபடி உடலைச் சாய்வாகத் திருப்பி எடுக்கும் 'ஃபால்ஸ் புரொஃபைல்' படத்தைச் சிலர் கேட்பார்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. கிண்ணம் ஆழமற்றதோ என்ற ஐயம் இருந்தால் உதவும்.

வலிக்கும் பக்கத்தை மட்டும் குறிவைத்து எடுத்த ஒற்றை மூட்டுப் படம் எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்கப் போதும். இம்பின்ஜ்மென்ட்டுக்குப் போதாது. கதிர் எந்த இடத்தை மையமாகக் கொண்டு விழுகிறதோ அதைப் பொறுத்துக் கிண்ணத்தின் வாய் திரும்பியிருக்கும் திசையே மாறித் தெரியும். ஒரு பக்கப் படத்தில் பின்சர் அடையாளம் காணாமல் போய்விடலாம்.

படம் கோணலாக இருந்தால் நோயும் கோணலாகும்

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியை. அளவுகளைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அளவு எடுக்கப்பட்ட படம் நேராக இருந்ததா என்று கேட்பவர்கள் குறைவு.

எக்ஸ்ரே ஒரு நிழல். விளக்கின் முன்னே கையைச் சற்றுத் திருப்பினால் சுவரில் விழும் உருவம் மாறிவிடுவதைப் போல, இடுப்பெலும்பு சில டிகிரி சாய்ந்தாலும் கிண்ண விளிம்பின் நிழல் மாறிவிடும். கிண்ணத்துக்கு முன் விளிம்பு, பின் விளிம்பு என இரண்டு கோடுகள் படத்தில் தெரியும். இயல்பான மூட்டில் முன் விளிம்பின் கோடு உட்புறமாகவும் பின் விளிம்பின் கோடு வெளிப்புறமாகவும் சென்று மேலே சந்திக்கும். இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று வெட்டினால் அதற்குக் 'கிராஸ்ஓவர்' அடையாளம் என்று பெயர். கிண்ணம் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது என்பது அதன் பொருள். பின்சர் வகைக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் சான்று இது. இடுப்பெலும்பு முன்பக்கம் சாய்ந்த நிலையில் படம் எடுத்தால் இயல்பான மூட்டிலும் இந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும். பின்பக்கம் சாய்ந்திருந்தால் உண்மையான கிராஸ்ஓவரும் மறையும். படுத்து எடுத்த படத்தில் இருந்த அடையாளம் நின்று எடுத்த படத்தில் காணாமல் போவதும் உண்டு. ஏனெனில் நிற்கும்போது பெரும்பாலோருக்கு இடுப்பெலும்பு பின்பக்கம் சாய்கிறது.

படம் நேரானதா என்று சரிபார்க்க நோயாளியே பார்க்கக்கூடிய மூன்று அடையாளங்கள் உண்டு.

1. வால் எலும்பின் நுனி, இரண்டு இடுப்பெலும்புகளும் முன்பக்கம் இணையும் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் உடல் திரும்பியிருந்தது என்று பொருள்.

2. அந்த இணைப்பின் இருபுறமும் தெரியும் பெரிய ஓட்டைகள் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

3. வால் எலும்பு நுனிக்கும் இணைப்பின் மேல் ஓரத்துக்கும் இடையே 1 முதல் 3 செ.மீ. இடைவெளி இருப்பது ஏற்கத்தக்கது. வால் எலும்பின் நுனியை விட்டு, அது முதுகெலும்போடு சேரும் மூட்டிலிருந்து அளப்பவர்கள் ஆண்களுக்குச் சுமார் 32 மி.மீ., பெண்களுக்குச் சுமார் 47 மி.மீ. என்பதை நடுநிலையாகக் கொள்கிறார்கள்.

இவை சரியில்லாத படத்தில் 'கிராஸ்ஓவர் உண்டு' என்று எழுதியிருந்தால் அந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மீண்டும் ஒரு படம் எடுப்பதே முறை. கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் இதற்குத் தடையாக வேண்டாம். இடுப்பெலும்பு எக்ஸ்ரே ஒன்றின் அளவு சுமார் 0.6 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து நாம் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். கர்ப்பமாக இருக்கக்கூடிய பெண்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அறிக்கையில் வரும் எண்கள்

ஆல்ஃபா கோணம். கேம் புடைப்பின் அளவுகோல். தொடை எலும்புத் தலையைச் சுற்றிப் பொருத்தமான வட்டம் ஒன்று வரையப்படுகிறது. வட்டத்தின் மையத்திலிருந்து கழுத்தின் நடுவாக ஒரு கோடு. எலும்பு முதன்முதலில் வட்டத்தை விட்டு வெளியேறும் புள்ளிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்டது ஆல்ஃபா கோணம். புடைப்பு பெரிதாக இருந்தால் எலும்பு வட்டத்தைச் சீக்கிரமே தாண்டிவிடும், கோணம் கூடும். 2002-இல் நோட்ஸ்லி குழுவினர் இதை எம்ஆர்ஐ படங்களில் அறிமுகம் செய்தபோது நோயாளிகளின் சராசரி 74 டிகிரி, மற்றவர்களின் சராசரி 42 டிகிரி. அவ்வளவு தெளிவான இடைவெளி பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் நிலைக்கவில்லை. 50 டிகிரியைத் தாண்டினாலே கேம் என்று சிலரும், 55 என்று வேறு சிலரும் எழுதினார்கள். இப்போது 60 டிகிரி என்ற எல்லையை நோக்கி நிபுணர்கள் நகர்ந்திருக்கிறார்கள். எனவே 54 டிகிரி உள்ள ஒருவர் பழைய நூலின்படி 'உண்டு', புதிய கருத்தின்படி 'இல்லை'. எலும்பு மாறவில்லை, எல்லைக்கோடு மாறியிருக்கிறது.

பக்கவாட்டு மையவிளிம்புக் கோணம். கிண்ணம் தலையை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதன் அளவு. சுவீடனைச் சேர்ந்த வீபெர்க் 1939-இல் வகுத்தது. தலையின் மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, கிண்ணக் கூரையின் வெளி ஓரத்துக்கு ஒரு கோடு. சுமார் 25 முதல் 39 டிகிரி வரை இயல்பு. 40-ஐத் தாண்டினால் மூடல் அதிகம், பின்சர் ஐயம். 20-க்குக் கீழே போனால் கதை தலைகீழ்: கிண்ணம் ஆழமற்றது, மூட்டு நிலையற்றது. அதற்கு டிஸ்பிளேசியா என்று பெயர்.

இந்த இரண்டாவது எண்ணை வெறும் பின்சர் கணக்காகப் பார்ப்பது ஆபத்து. கிராஸ்ஓவர் அடையாளமும் ஆழமற்ற கிண்ணமும் ஒரே மூட்டில் சேர்ந்திருக்க முடியும். கோடுகள் வெட்டுவதை மட்டும் பார்த்து விளிம்பைச் செதுக்கினால், ஏற்கெனவே குறைவாக மூடப்பட்ட தலை இன்னும் திறந்துபோகும். அந்தத் தவறைப் பின்னர் சரிசெய்வது கடினம். அறுவை பற்றிய பேச்சு எழுந்தால், இந்தக் கோணம் எத்தனை டிகிரி என்று கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

டோனிஸ் கோணம் கிண்ணக் கூரையின் சரிவைச் சொல்கிறது. 0 முதல் 10 டிகிரி இயல்பு. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் தரும் டோனிஸ் நிலை வேறு; அது தேய்மானத்தை 0 முதல் 3 வரை தரம் பிரிப்பது.

அறிக்கையில் 'காக்சா புரொஃபண்டா' என்று இருந்தால் பதற வேண்டாம். கிண்ணத்தின் அடித்தளம் உட்புறமாகச் சற்றுத் தள்ளியிருப்பதைக் குறிக்கும் அந்தச் சொல் ஒரு காலத்தில் பின்சருக்குச் சான்றாகக் கருதப்பட்டது. வலியில்லாதவர்களிடமும், குறிப்பாகப் பெண்களிடம், மிகச் சாதாரணமாகக் காணப்படுவதால் அதற்கு இன்று தனி மதிப்பு இல்லை. கழுத்தின் முன்புறத்தில் தெரியும் சிறு குழியின் கதை இதற்கு நேரெதிர்: வெறும் இயல்பு மாறுபாடு என்று முன்பு ஒதுக்கப்பட்டது, இப்போது எலும்பு அங்கே முட்டியிருக்கலாம் என்ற குறிப்பாகப் பார்க்கப்படுகிறது.

வலியே இல்லாதவர்களின் படங்கள்

எண் எல்லையைத் தாண்டிவிட்டது, நோய் உறுதியா? இல்லை. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இடுப்பில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் 2,114 மூட்டுகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. கேம் வடிவம் 37 சதவீதத்தில் இருந்தது. விளையாட்டு வீரர்களிடம் சுமார் 55 சதவீதம், மற்றவர்களிடம் 23 சதவீதம். பின்சர் அடையாளம் 67 சதவீதம். அதாவது, நன்றாக ஓடியாடும் மூன்று பேரில் இருவரின் படத்தில் 'பின்சர்' என்று எழுத இடமிருக்கிறது. இவ்வளவு பேரிடம் இருக்கும் ஒன்றை நோய் என்று அழைப்பதா, அளவுகோல்தான் தளர்வானது என்பதா என்று கேட்டால், இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

விளையாட்டு வீரர்களிடம் கேம் ஏன் அதிகம்? தொடை எலும்பின் தலைக்குக் கீழே, வளரும் வயதில் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கிறது. பதின்பருவத்தின் இறுதியில் மூடிக்கொள்ளும். அதற்கு முன் கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி போன்ற கடும் விளையாட்டுகளில் மூட்டின் மீது விழும் மீள்மீள் சுமைக்கு எலும்பு கொடுக்கும் பதில்தான் இந்தப் புடைப்பு என்பது இப்போதைய விளக்கம். நெதர்லாந்தில் இளம் கால்பந்து வீரர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள், வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும்வரை புடைப்பு வளர்வதையும் மூடிய பிறகு பெரிதாக மாறாததையும் கண்டார்கள். வளர்ந்தவர்களுக்கு 'புடைப்பு கூடிவிட்டதா' என்று ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுப்பதில் பயனில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் ஒரு சின்ன ஆதாயம்.

மூன்றும் சேர்ந்தால்தான் நோய்

2016-இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் 9 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்களும் ஒரு நோயாளியும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன்படி இம்பின்ஜ்மென்ட் நோய் என்று சொல்ல மூன்றும் வேண்டும்:

1. தொல்லை: அசைவோடு அல்லது குறிப்பிட்ட நிலையோடு தொடர்புடைய வலி. மூட்டு சிக்கிக்கொள்வது, இறுக்கம் முதலியனவும் சேரலாம்.

2. சோதனையில் அடையாளம்: மல்லாந்து படுத்தவரின் தொடையை 90 டிகிரி மடக்கி, உட்புறம் நகர்த்தி, உட்புறமாகவே சுழற்றிப் பார்ப்பது முக்கியமான சோதனை. அதே வலி வர வேண்டும். உட்புறச் சுழற்சி குறைந்திருப்பதும் பார்க்கப்படும்.

3. படத்தில் கேம் அல்லது பின்சர் வடிவம்.

சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. மேற்சொன்ன முறையில் வலி வரவில்லையென்றால் இம்பின்ஜ்மென்ட் இருக்க வாய்ப்பு குறைவு. வலி வந்தால் மட்டும் அதுதான் என்று உறுதிசெய்ய முடியாது, மூட்டுக்குள் வேறு எந்தக் கோளாறு இருந்தாலும் வலிக்கும். ஐயம் தொடர்ந்தால் மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்திப் பார்ப்பார்கள். வலி சில மணிநேரம் அடங்கினால் அது மூட்டிலிருந்துதான் வந்தது என்று அறியலாம். அதுவும் முட்டுதலால் வந்த வலி என்பதைத் தனியாக நிறுவாது.

தொடக்கத்தில் வந்த மூவரும் இந்தப் பட்டியலின் வெவ்வேறு வரிகளைப் பேசினார்கள். அறிக்கை எழுதியவர் முறிவும் தேய்மானமும் இல்லை என்றார். அறுவை நிபுணர் மூன்றாவது வரியைச் சொன்னார். விளையாட்டு மருத்துவர் முதல் இரண்டைக் கேட்டார்.

எக்ஸ்ரேயில் தவறவிடக்கூடாதவை

'கேம் இருக்கிறது' என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில் உண்மையான காரணத்தைத் தவறவிடுவது நடக்கிறது. இந்தியாவில் இது இன்னும் முக்கியம். இளம் வயதில் தொடை இடுக்கு வலியோடு வருபவர்களிடம் நினைவில் வைக்க வேண்டியவை:

1. தொடை எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிவது (ஏவிஎன்). ஸ்டீராய்டு மருந்து, மதுப்பழக்கம், அரிவாள் செல் நோய் ஆகியவற்றோடு தொடர்புடையது. நம் நாட்டில் ஒப்பீட்டளவில் இளையவர்கள் செயற்கை மூட்டு வைத்துக்கொள்ள நேர்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. தொடக்க நிலையில் எக்ஸ்ரே முழுக்க இயல்பாக இருக்கும். எம்ஆர்ஐ மட்டுமே காட்டும்.

2. கழுத்தில் ஏற்படும் அழுத்த முறிவு. நெடுந்தூரம் ஓடுபவர்கள், புதிதாகப் படைப்பயிற்சி பெறுபவர்கள் ஆகியோரிடம் வரும். இதுவும் முதலில் படத்தில் தெரியாமல் இருக்கலாம். கவனிக்காமல் ஓடினால் முழு முறிவாகும்.

3. மூட்டுக் காசநோய். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வலி இருந்தால் நினைக்க வேண்டியது.

4. முதுகெலும்பு அழற்சி நோய். முழு இடுப்பெலும்புப் படத்தில், பின்பக்கம் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோ இலியாக் மூட்டுகளும் தெரியும். அங்கே மாற்றம் இருந்தால் தேட வேண்டிய நோயே வேறு. முழுப் படம் கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

பத்து முதல் பதினாறு வயதுக்குள் உள்ள பிள்ளை தொடை அல்லது முழங்கால் வலி என்று நொண்டினால், வளர்ச்சித் தட்டில் தலை நழுவியிருக்கிறதா என்பதை அன்றே பார்த்தாக வேண்டும். நேர்முகப் படத்தில் நழுவல் கண்ணுக்குத் தப்பலாம். தவளைக்கால் படத்தில் தெரியும். இதற்கு இம்பின்ஜ்மென்ட் போலப் பொறுத்திருந்து பார்க்கும் அவகாசம் இல்லை.

எம்ஆர்ஐ தேவைப்படுவது எக்ஸ்ரேயில் தெரியாத லேப்ரம், குருத்தெலும்பு ஆகியவற்றை அறிய; மேலே சொன்ன நோய்களை விலக்க; அறுவைக்குத் திட்டமிட. லேப்ரம் கிழிசலும் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. மேற்குறிப்பிட்ட தொகுப்பாய்வில் தொல்லையற்றவர்களின் எம்ஆர்ஐ படங்களிலும் 68 சதவீதத்தில் லேப்ரம் சேதம் தெரிந்தது. சிடி ஸ்கேன் எலும்பின் வடிவத்தை முப்பரிமாணத்தில் காட்டும். ஆனால் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். நோயறிதலுக்கு அல்ல, அறுவைத் திட்டத்துக்கே பொருந்தும்.

சிகிச்சை முடிவில் படத்தின் பங்கு

வலி எதுவும் இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் கேம் தெரிந்தால் என்ன செய்வது? செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பிற்காலத் தேய்மானத்தோடு தொடர்பு இருப்பது உண்மைதான். நெதர்லாந்தில் 45 முதல் 65 வயதுக்குட்பட்ட, மூட்டு வலி தொடங்கிய ஆயிரம் பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், ஆல்ஃபா கோணம் 60-ஐத் தாண்டியவர்களுக்குக் கடும் தேய்மானம் வரும் வாய்ப்பு சுமார் 3.7 மடங்கும், 83-ஐத் தாண்டியவர்களுக்கு சுமார் 9.7 மடங்கும் அதிகமாக இருந்தது. மடங்குகள் பெரிதாகத் தோன்றினாலும், 60-ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஐந்து ஆண்டுகளில் அந்நிலை வரவில்லை. வலியற்றவரின் எலும்பை முன்கூட்டியே செதுக்கினால் தேய்மானம் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

வலி இருப்பவர்களுக்கு முதல் வழி பிசியோதெரபியும், ஆழ மடக்கும் நிலைகளைச் சில காலம் தவிர்ப்பதும். அது போதாதபோது ஆர்த்ராஸ்கோப்பி என்னும் துளை அறுவையில் புடைப்பைச் செதுக்கி லேப்ரத்தைத் தைக்கிறார்கள். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் 100-க்கு அளக்கும் வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் அறுவைக் குழு 6.8 புள்ளிகள் முன்னே இருந்தது. உண்மையான வேறுபாடு, ஆனால் மாயம் அல்ல. பிசியோதெரபி பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள்.

எக்ஸ்ரேயின் கடைசிப் பங்கு இங்கேதான் வருகிறது. நேர்முகப் படத்தில் தலைக்கும் கிண்ணத்துக்கும் இடையிலான இடைவெளி 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருந்தால், அல்லது டோனிஸ் நிலை 2-ஐ எட்டியிருந்தால், துளை அறுவையின் பலன் வெகுவாகக் குறைகிறது. பலர் சில ஆண்டுகளில் செயற்கை மூட்டுக்கே போகிறார்கள். ஆல்ஃபா கோணம் எவ்வளவு என்று விசாரிக்கும் நோயாளிகள் இந்த இடைவெளியைக் கேட்பதில்லை. அறுவை செய்யலாமா வேண்டாமா என்ற முடிவில் அதற்கே எடை அதிகம்.